தலைமாட்டில் எழுதக் கூடாத உயில்

திருவாதவூரில் பிறந்தவர்களிலேயே உலகறிந்தவர், தமக்குச் சொந்தமில்லாத பணத்தைத் தானம் செய்தவர். குதிரை வாங்கி வரச் சொல்லி அரிமர்த்தன பாண்டியன் கருவூலத்திலிருந்து கொடுத்தனுப்பிய பொன்னை, அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோவிலுக்கும் அடியார்களுக்கும் செலவிட்டுவிட்டார். நரிகள் பரிகளாகி வந்ததும், இரவோடு இரவாக மறுபடி நரிகளானதும், வைகை மணலில் அவரை வெயிலில் நிறுத்தி வாட்டியதும், வெள்ளமும் பிட்டும் பிரம்படியும் மதுரைப் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். சிவன் நேரில் வந்து தீர்த்துவைத்த வழக்கு அது. இன்று அப்படியொரு வழக்கு மேலூர் நீதிமன்றத்துக்கு வந்தால், முன்சீப் கேட்கும் முதல் கேள்வி "அந்தப் பணம் உங்களுடையதா?" என்பதாகத்தான் இருக்கும். உயில் எழுத உட்காருகிறவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது அதுவே. யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி.

இந்த மேலூர்ச் சமவெளியில் அந்த முதல் கேள்விக்குப் பலரால் நேராகப் பதில் சொல்ல முடியாது. பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டுக் கால்வாய்த் தண்ணீர் வந்த பிறகு மேலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்கள் நஞ்சையாயின. நிலத்துக்கு விலை வந்தது, விலையோடு வழக்கும் வந்தது. ஆனால் காகிதங்கள் அந்த வேகத்தில் மாறவில்லை. பட்டா பாட்டன் பேரிலோ, ஐந்தாறு பேர் பெயர் கொண்ட கூட்டுப் பட்டாவாகவோ கிடக்கும். மூலப் பத்திரம் பெரியப்பா வீட்டுப் பீரோவில் இருக்கும். அண்ணன் தம்பிகள் ஊர்ப் பெரியவர்களை வைத்து வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்து, ஆளுக்கொரு வரப்பு போட்டு உழுதுகொண்டிருப்பார்கள். இப்படிப்பட்டவர் "மேற்படி இரண்டு ஏக்கரும் என் இளைய மகனுக்கு" என்று எழுதிவைத்துவிட்டுப் போனால், அவர் எழுதியது அவருடைய பங்கு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் செல்லும். மீதி, காகிதத்தில் மட்டும் இருக்கும். பட்டாவில் பெயர் இருக்கிறதே என்பார்கள். பட்டா மட்டுமே உரிமை ஆவணம் ஆகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. கோவில் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவரும், நிபந்தனையோடு அரசு கொடுத்த ஒப்படை நிலத்தை வைத்திருப்பவரும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தன் கையில் இருக்கும் உரிமைக்கு மேல் எவராலும் எழுதிவைக்க முடியாது.

அடுத்தது பூர்வீகமா, சுயார்ஜிதமா என்ற சிக்கல். "பாட்டன் சொத்து பேரனுக்கு, அப்பன் கை வைக்க முடியாது" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. சட்டம் அவ்வளவு எளிதாக இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஓர் இந்து உயில் மூலம் கொடுக்கலாம் என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்திலிருந்து மகனுக்கு வருவது மகனின் தனிச் சொத்துதான், பேரனுக்கு அதில் பிறப்புரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சந்தர் சென் வழக்கில் தீர்த்தது. மகள்கள் நிலையும் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மகன்களோடு சமமான பிறப்புரிமை வந்தது. நாடு முழுவதற்கும் அது 2005 செப்டம்பர் 9 முதல் வந்தது. அன்றைய தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆகவே 'என் பங்கு' என்று ஒருவர் 1980இல் எண்ணிவைத்திருந்த கணக்கு இன்று அதே கணக்காக இருக்காது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

பூர்வீகமா, சுயார்ஜிதமா என்ற சண்டைக்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துச் சிவகங்கைச் சீமை போதும். மருது சகோதரர்களை வீழ்த்திய காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கௌரி வல்லப தேவரை ஜமீன்தாராக்கியது. 1829இல் அவர் இறந்தார். ஆண் வாரிசு இல்லை; மனைவியர் இருந்தார்கள், மகள்கள் இருந்தார்கள். குடும்பம் பிரியாத குடும்பம், ஆகவே ஜமீன் எங்களுக்கே என்று அவருடைய அண்ணன் வழியினர் ஏறி அமர்ந்துவிட்டார்கள். கைம்பெண் வழக்குப் போட்டார். அவர் காலம் முடிந்த பிறகு மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார். கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் 1863இல், குடும்பம் பிரியாததாகவே இருந்தாலும் ஜமீன் அவர் தனியாகப் பெற்றது, ஆகவே அது அவருடைய சொந்த வாரிசுகளுக்கே போகும் என்று தீர்ப்பளித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள். சீமையின் வருமானத்தில் எவ்வளவு வக்கீல் கட்டணத்துக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் வியப்பு. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கும் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். 1938இல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் எடுத்த நிலம் அது. அவருக்கு ஒரே மகள். உயில் இல்லை. அவர் இறந்தது 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பா பின்பா என்பதிலேயே சண்டை. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவருடைய தம்பி வழிக்கே சொத்து என்றன. உச்ச நீதிமன்றமோ சிவகங்கைத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டி, சுயமாகச் சம்பாதித்த சொத்து மகளுக்கே என்றது. அப்போது அந்த மகள் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஏலம் எடுத்தவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதி இரண்டு சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டிருந்தால் இந்த வழக்கு பிறந்தே இருக்காது.

உயில் எழுதாமல் போனால் சட்டமே ஓர் உயிலை எழுதிவிடுகிறது. அது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இந்து ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகள், உயிரோடிருக்கும் தாய், இவர்களுக்கு ஆளுக்கொரு சம பங்கு. மூன்று பிள்ளைகளும் தாயும் இருந்தால், நாற்பது வருஷம் கூட இருந்து உழைத்த மனைவிக்கு ஐந்தில் ஒன்று. தான் படுத்திருக்கும் வீட்டிலும் ஐந்தில் ஒன்று. இறந்தவரின் தந்தைக்கு முதல் வரிசையில் இடமே இல்லை. கடைசிவரை பார்த்துக்கொண்ட மகளும், பத்து வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காத மகனும் சமம்.

பெண் இறந்தால் சட்டம் இன்னும் விநோதமாகிறது. பிள்ளையும் கணவனும் இல்லாத இந்துப் பெண் தானே சம்பாதித்த சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, அவளைப் பெற்றவர்களுக்குப் போவதற்கு முன் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. நாராயணி தேவி என்ற பெண்ணுக்கு 1955இல் திருமணம். மூன்று மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் விரட்டிவிட்டார்கள். பெற்றோர் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், வங்கியில் பணம் சேர்த்தார். 1996இல் உயில் இல்லாமல் இறந்தார். அவர் சேமிப்புக்கு உரியவர்கள், விரட்டிவிட்ட கணவன் வீட்டின் வழி வந்தவர்களே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்ல வேண்டியிருந்தது. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்றார்கள் நீதிபதிகள். அதே 15ஆவது பிரிவை எதிர்த்து வந்த ஒரு மனுவில், 2025 நவம்பரில், நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, ஆர்.மகாதேவன் அமர்வு, பெண்கள் எல்லோரும், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவையுங்கள் என்று வேண்டுகோளே விடுத்தது. சட்டத்தைத் திருத்துவதற்குள் நீங்களாவது உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன பொருள்? ஆசிரியையாக, செவிலியராக, சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்கள் திருவாதவூர்ப் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள். வீட்டில் உயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் கணவருடையதைத்தான் பேசுகிறோம். அவர்கள் கழுத்து நகையும் வைப்புத்தொகையும் யார் நினைவுக்கும் வருவதில்லை.

நாடாண்டவர்களிடமும் இதே கதைதான். எம்.ஜி.ஆர். 1987இல் உயில் எழுதினார். ராமாவரம் தோட்டத்தில் வாய்பேச முடியாத, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நடப்பது அதனால்தான். நிர்வாகத்தைப் பற்றிப் பிணக்குகள் வந்து நீதிமன்றம் தலையிட நேர்ந்தாலும் அவர் என்ன விரும்பினார் என்பதில் குழப்பமில்லை. 2016 டிசம்பர் 5 அன்று மறைந்த ஜெயலலிதாவின் உயில் என்று எதுவும் வெளிவரவில்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் வாரிசுகள் என்று 2020இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வேதா நிலையம் நினைவில்லமா, குடும்பச் சொத்தா என்ற வழக்கு 2022 வரை நடந்தது. அவர் மனதில் இருந்தது எது? யாருக்கும் தெரியாது.

எழுதாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் பயம். உயில் என்று வாயெடுத்தாலே "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு" என்று அடக்கிவிடுவார்கள். எனக்கு அந்தக் காரணத்தில் முழு நம்பிக்கை இல்லை. எழுபது வயதில் கல்லறைக்கு இடம் பார்த்து வைக்கிறவர்களும், தன் காரியத்துக்கென்று தனியாகப் பணம் முடிந்து வைக்கிறவர்களும் நம் ஊர்களில் உண்டு. சாவைப் பற்றிப் பேச நமக்குப் பயம் கிடையாது. பங்கைப் பற்றிப் பேசத்தான் பயம். இன்னாருக்கு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் நாளையிலிருந்து சோறு யார் போடுவது என்ற பயம். உயிலின் அருமை இங்கேதான் இருக்கிறது, அதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உயில், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. சொத்து அவர் கையிலேயே இருக்கும். நினைத்தால் மாற்றலாம், கிழிக்கலாம், நிலத்தை விற்றும் தின்னலாம். எழுதினதை யாரிடமும் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் பிள்ளைகள் கேட்பது உயிலை அல்ல, தான செட்டில்மெண்டை. "இப்பவே எழுதிக் கொடுத்திட்டா ஒரு வில்லங்கமும் வராதுப்பா" என்பார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது உண்மையும்கூட. பதிவு செய்த செட்டில்மெண்ட் அன்றைக்கே உரிமையை மாற்றிவிடுகிறது. பிறகு தந்தை ஒருதலையாக ரத்து செய்துவிட முடியாது. எழுதிக் கொடுத்த மறுமாதம் திண்ணைக்கு மாற்றப்பட்ட பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர்களுக்காகத்தான் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு வந்தது. பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாதென அறிவிக்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் இருவேறாகப் பேசின. 2022இல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இன்னோர் அமர்வு, முதியோர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த சொத்தைப் பற்றிய வழக்கில், அன்பினால் கொடுத்தேன் என்பதற்குள்ளேயே பார்த்துக்கொள்வாய் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் எண்பது வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறித்தான் அந்த நல்ல தீர்ப்பைப் பெற வேண்டியிருக்கிறது. குடியிருக்கும் வீட்டையும் சோறு போடும் வயலையும் செட்டில்மெண்ட் எழுதாதீர்கள் என்பேன். தொழில் தொடங்க மகனுக்கோ மகளுக்கோ ஒரு பகுதி கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொடுங்கள். ஆயுள்வரை அனுபவிக்கும் பாத்தியதையும் பராமரிப்பு நிபந்தனையும் எழுத்தில் இருக்கட்டும். மற்றதெல்லாம் உயிலில்.

இனி எப்படி எழுதுவது என்பது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், கையால் எழுதலாம். சட்டச் சொற்கள் வேண்டியதில்லை. என்ன நினைக்கிறார் என்பது புரிந்தால் சரி. பதினெட்டு வயது நிறைந்து, புத்தி தெளிவாக இருக்க வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு வற்புறுத்துவது சில விஷயங்களைத்தான்: எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்; இரண்டு சாட்சிகளாவது அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும்; அவர் முன்னிலையில் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை.

பாதி உயில்கள் விழுவது இந்தச் சாட்சி விஷயத்தில்தான். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க, சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆவது பிரிவு அதைச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் அது அப்படியே தொடர்கிறது. பொதுவாக முப்பது வருஷம் பழைய பத்திரத்துக்கு நீதிமன்றம் ஒரு நம்பிக்கை கொடுக்கும். உயிலுக்கு அந்தச் சலுகையும் இல்லை. நம் வழக்கமோ, எழுபத்தைந்து வயதுக்காரர் தன் எழுபத்தெட்டு வயதுக் கூட்டாளியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. அவர் முந்திக்கொள்வார். அல்லது பத்திர ஆபீஸ் வாசலில் அன்றைக்கு நின்றிருந்த யாரோ ஒருவர், பதினைந்து வருஷம் கழித்து அவரை எங்கே தேடுவது? தன்னைவிட இருபது வயதாவது இளையவராக, ஊரில் நிலைத்திருப்பவராக, சொத்தில் எந்த ஆதாயமும் இல்லாதவராகப் பார்த்துச் சாட்சி வைக்க வேண்டும். பயனடைபவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்குரிய பங்கு செல்லாது என்ற விதி கிறிஸ்தவர்களுக்கு உண்டு. இந்துக்களுக்கு அந்த விதி பொருந்தாது. பொருந்தாது என்பதற்காக மருமகனைச் சாட்சியாக்கிவிட்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலையைச் சுலபமாக்க வேண்டாம்.

உயிலால் ஆதாயம் பெறுபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றால், சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய சுமை அவர் தலையில்தான் விழும் என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் விரிவாக எழுதினார். இன்றும் உயில் வழக்கு எதுவாக இருந்தாலும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் நகராது. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை என்று அவர் சொன்னதை நம் ஊர் வழக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால் நெஞ்சு பகீரென்கிறது. அப்பா மருத்துவமனையிலிருந்து 'இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்று அனுப்பப்பட்டு வந்திருப்பார். தலைமாட்டில் மூத்த மகன். எழுதுகிறவரை அழைத்து வந்தது அவர். வரிகளைச் சொன்னது அவர். நடுங்கும் கையைப் பிடித்து மை தடவியதும் அவரே. உயிலில் "என் சுய நினைவோடும், யாருடைய தூண்டுதலுமின்றியும்" என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும். மதுரை வட்டாரத்துக்கு வேறு உவமை எதற்கு? இப்படி வந்த உயில் பகலில் குதிரையாகத்தான் தெரியும். கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை தொடங்கியதும் லாயத்தில் நரி ஊளையிடும்.

உயில் எழுத ஏற்ற வயது எழுபத்தைந்து இல்லை. காலூன்றி நடந்து, தானே பேருந்தேறி, தன் வழக்கறிஞரைத் தானே தேர்ந்து, பிள்ளைகள் உடன் இல்லாமல் போய் எழுத முடிகிற வயதுதான். ஐம்பதிலேயே எழுதலாம். நிலைமை மாறினால் மாற்றலாம். தேதியில் கடைசியானதே செல்லும். பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத பிந்தைய உயில்கூட ரத்து செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே புதியதில் "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்ற வரியும், தேதியும், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் இருக்கட்டும். மருத்துவர் சான்று சட்டப்படி கட்டாயமில்லை. வயது கூடியவர்கள் வாங்கி இணைத்துவிட்டால் பின்னால் ஒரு வாய் அடையும். கைநாட்டு வைப்பவருக்கு உயிலை வாசித்துக் காட்டியதாகவும் அவர் புரிந்து ஒப்புக்கொண்டதாகவும் அதை எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தர் குறிப்பெழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை சரியாக எழுதுங்கள் என்பதை மேலூர்ப் பக்கத்தில் சொல்லத் தேவையில்லை, எல்லைச் சண்டையில் தேர்ந்த மண் இது. எழுத மறப்பது வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் அடகிருக்கும் நகை, கொடுக்கல் வாங்கல், கிணற்றுப் பங்கு, பம்புசெட் மின் இணைப்பு, வயலுக்குப் போகும் வண்டிப்பாதை. "இதில் சொல்லாமல் விட்ட சொத்துகள் அனைத்தும் என் மனைவிக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் விடுபட்டதும் அடங்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் காப்பாளர் பெயரையும் உயிலில் எழுதலாம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் அதற்கு இடம் தருகிறது, தாய் இருந்தால் அவர் உரிமையே முந்தும். கபிலரும் திருவாதவூர்க்காரர் என்பது மரபு. பாரி போன பிறகு அவன் மகளிர் இருவரையும் கூட்டிக்கொண்டு அரசர் வாசல்தோறும் ஏறி இறங்கியவர் அவர். அப்படி ஒரு நண்பர் வாய்த்தவர்கள் அவர் பெயரை எழுத்தில் வைப்பது நல்லது.

நிறைவேற்றுபவர் என்று ஒருவரை நியமிப்பதும் அவசியம். நியமித்தால் மட்டும் போதாது, அவர் நம்பிக்கைக்குரியவராகவும் இருக்க வேண்டும். பச்சையப்ப முதலியார் 1794இல் தன் பெரும் செல்வத்தைக் கோவில் அறங்களுக்கென்று உயில் எழுதிவிட்டு இறந்தார். பணம் பல கைகளில் சிக்கி, வழக்கில் இழுபட்டு, நீதிமன்றம் தலையிட்டுத் திட்டம் வகுத்து, மிஞ்சியதிலிருந்து சென்னையில் பள்ளி திறந்தது 1842 ஜனவரியில். இன்று பச்சையப்பன் கல்லூரியாக நிற்பது அது. செல்வர்கள் கதையே இப்படி. சின்னச் சொத்துக்கு இத்தனை ஆண்டு இழுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஒரு சங்கடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1989க்குப் பிறகு, அதிலும் 2005க்குப் பிறகு, உயில் மகள்களை வெட்டிவிடும் கத்தியாகவும் பயன்படுகிறது. "மகளுக்குச் சீர்வரிசை செய்து கட்டிக் கொடுத்துவிட்டபடியால்" என்று தொடங்கும் வரியைப் பத்திரம் எழுதுபவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். தன் தனிச் சொத்தை இந்து ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் இது செல்லும். எல்லாச் சட்டமும் இப்படி முழுச் சுதந்திரம் தருவதில்லை. இஸ்லாமியச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்குக் கூடுதலாகக் கொடுக்கவும் முடியாது. கோவாவில் இன்றும் நடக்கும் போர்த்துகீசிய வழிச் சட்டத்தில், பிள்ளைகள் இருந்தால் பாதிச் சொத்து அவர்களுக்கென்று ஒதுங்கிவிடும். இங்கும் அப்படியொரு வரம்பு வேண்டும் என்பது என் கருத்து. வராதவரை, மனைவியின் குடியிருப்பு உரிமையை முதலிலும் மகளின் பங்கை அடுத்தும் எழுதுபவரைத்தான் நியாயமாக எழுதியவர் என்பேன். மகளை ஒதுக்கிய உயில்தான் அண்ணன் தம்பிகளை ஆயுள் முழுக்க நீதிமன்ற வராந்தாவில் உட்கார வைக்கிறது என்பது நடைமுறை உண்மை.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே, அது போதாதா என்பார்கள். போதாது. நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், உரியவர் அல்ல. 1983இல் சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டுக்கு அப்படிச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 டிசம்பரில் பங்குகளுக்கும் அதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களே உரியவர்கள். வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம்; உயிலில் எழுதிய அதே பெயர்களைப் போட்டுவிட்டால் இரண்டும் மோதாது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்குள்ள மத்திய சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது, அதற்கென்று தனியாக நியமனம் செய்ய வேண்டும்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்யுங்கள். பதிவு செய்ததனாலேயே உயில் மெய்யாகிவிடாது. ஆனால் காணாமல் போகாது, திருத்தப்படாது. உயில்கள் சார்பதிவகத்தில் மூன்றாம் புத்தகத்தில் ஏறுகின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாரும் நகல் பெற முடியாது; பத்திர ஆபீஸில் எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. முத்திரைத் தீர்வையும் இல்லை. உள்ளடக்கம் அலுவலருக்கும் தெரியக் கூடாது என்றால், உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 42ஆவது பிரிவு. படுக்கையில் இருப்பவருக்குப் பதிவு அலுவலரே வீட்டுக்கு வரவும் விதி உண்டு. இந்த வசதிகளில் எத்தனை நம் கிராமங்களில் அறியப்பட்டிருக்கின்றன? முத்திரைத் தீர்வை வராத ஆவணத்தை விளம்பரப்படுத்த அரசுக்கு ஆர்வமில்லை போலும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கிராமசபை நாளில் ஒரு வழக்கறிஞரை உட்காரவைத்து, வருகிற பெரியவர்களுக்கு உயில் எழுதிக் கொடுக்கலாம். அதே நாளில் பட்டா மாறுதலுக்கு வருவாய்த் துறையும் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சென்னை நகரின் பழைய எல்லைக்குள் நெடுங்காலம் இருந்ததுபோல, உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து ஆணை வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் மதுரைப் பக்கத்து இந்துக்களின் உயிலுக்கு இருந்ததில்லை. இறப்புச் சான்றும் உயிலும் கொண்டு பட்டா மாறுதலுக்கு மனுச் செய்யலாம். ஆனால் வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தால் வட்டாட்சியர் கோப்பை மூடி, உரிமையியல் நீதிமன்றத்தை நாடுங்கள் என்று எழுதிவிடுவார். அங்கே தோற்றவர் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று போவார். திருவாதவூரிலிருந்து திருமோகூர், ஒத்தக்கடை வழியாக மதுரைக்குப் போகும் பேருந்து, 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையின் வாசலைக் கடந்துதான் மாட்டுத்தாவணிக்குப் போகிறது. அந்த நிறுத்தத்தில் கைப்பையோடு இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அப்பா விட்டுப்போன ஏக்கருக்காக வந்தவர்கள் என்று நடத்துநரைக் கேட்டால் சொல்வார்.